சமூகவியல் ஆய்வுக்கு ஜெர்மனி வரும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியில் சமூகவியலில் பிஎச்டி செய்ய இடம் கிடைத்திருக்கிறது, ஏற்கெனவே அங்கே வேதியியல் ஆய்வில் இருக்கும் சீனியர் சொன்ன மாதிரியே உங்களுக்கும் இருக்குமா. வாடகை எவ்வளவு ஆகும். குளிரையும் சாப்பாட்டையும் எப்படிச் சமாளிப்பது. பின்னால் உள்ள இரண்டுக்கும் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள். வாடகை ஊருக்கு ஊர் வேறு, குளிருக்குக் கோட்டை இங்கே வந்து வாங்குங்கள், துவரம்பருப்பு கிடைக்கிறது. நான் உட்கார்ந்து எழுதுவது முதல் கேள்விக்காகத்தான். 2010 அக்டோபரில் இதே கேள்வியை வேறு துறை ஆளிடம் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே நம்பி வந்து இறங்கியவள் நான்.

எனக்குச் சொன்னவர் பொறியியல் ஆய்வில் இருந்த ஓர் அண்ணன். "ஜெர்மன் மொழியே வேண்டாம்மா, லேப்ல எல்லாம் இங்கிலீஷ்தான், முழுச் சம்பளம் வரும், நாலு வருஷத்துல முடிச்சிடலாம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் துறையில் அத்தனையும் உண்மை. ஆனால் நான் வந்தது வரலாற்றுக்கு. தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மன் மிஷனரிகள் தங்கள் நாட்டுக்கு எழுதிய கடிதங்கள்தான் என் ஆய்வு. சீகன்பால்குவும் புளூட்சாவும் 1706இல் வந்து இறங்கியதிலிருந்து அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் எழுதியவை, ஹாலே ஊரில், அந்த மிஷனுக்கு ஆதரவாக நின்ற ஃபிராங்கே நிறுவனங்கள் என்ற பழைய கல்வி அறநிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. நான் இருந்த ஊரிலிருந்து ரயிலில் போய் வருவேன்.

முதல் நாள் ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார்கள். ஜெர்மன் ஓரளவு படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன், ஆனாலும் ஒரு வரிகூட ஓடவில்லை. மொழி இருக்கட்டும், எழுத்தே தெரியவில்லை. குரென்ட் என்று பழைய கையெழுத்து முறை அது. e என்கிற எழுத்து அதில் n எழுத்து மாதிரியே இருக்கும், u எழுத்தை n எழுத்திலிருந்து பிரித்துக் காட்டுவது தலைக்கு மேல் ஒரு சின்ன வளைவு மட்டும்தான். மத்தியானம் வரை அந்த ஒரே தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எம்.ஏ. படிக்கும்போது சுவடி வாசிக்கப் பழகியிருந்ததுதான் அப்புறம் கைகொடுத்தது. ஓலையில் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும், முன்னும் பின்னும் இருக்கும் சொல்லை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதே பழக்கத்தோடு குரென்டை அணுகினேன். ஒரு பக்கத்தை ஒரு மணி நேரத்தில் வாசிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. இன்று ஜெர்மன்காரர்களே தங்கள் கொள்ளுப்பாட்டி எழுதிய கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்கிறார்கள், அதில் எனக்குப் பெருமைதான்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது விழுக்காடு. பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் சம்பளப் பட்டியல் எல்லாத் துறைக்கும் ஒன்றுதான், ஈ13 என்பார்கள். அதில் எவ்வளவு தருகிறார்கள் என்பதில்தான் துறைக்குத் துறை வித்தியாசம். பொறியியலில் பெரும்பாலும் முழு வேலை. வரலாறு, மொழித்துறை, சமூகவியல் பக்கம் 50, 65 விழுக்காடு என்று போடுவார்கள், ஆனால் ஆய்வு உங்கள் முழு நாளையும் தின்றுவிடும். சம்பளமாக இல்லாமல் உதவித்தொகையாகத் தந்தால் இன்னும் கவனம் வேண்டும். உதவித்தொகையிலிருந்து ஓய்வூதியக் கணக்குக்கு எதுவும் போகாது, வேலையிழப்புக் காப்பீடு கிடையாது, மருத்துவக் காப்பீட்டைப் பெரும்பாலும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் நிரந்தரக் குடியிருப்புக்குப் பொது வழியில் போனால் 60 மாதம் ஓய்வூதியப் பங்களிப்பு கேட்பார்கள். நான் முதல் மூன்று வருடம் உதவித்தொகையில் இருந்தேன், அந்த மூன்று வருடமும் கணக்கில் ஏறவில்லை. இதை ஒருவர்கூட எனக்கு முன்னால் சொல்லவில்லை.

அடுத்தது களப்பணி. நீங்கள் தமிழ்நாட்டுக்குப் போய் நேர்காணல் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை இரண்டு தடவை படியுங்கள். ஜெர்மனிக்கு வெளியே தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் இருந்துவிட்டால் குடியிருப்பு அனுமதி தானாகவே காலாவதி ஆகிவிடும், அட்டையில் என்ன தேதி இருந்தாலும் சரி. லேபில் இருப்பவருக்கு இந்தப் பேச்சே வராது, ஏனென்றால் அவருடைய கருவி இங்கேதான் இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, கூடப் படித்த ஒரு துருக்கிப் பெண் மெயிலில் எச்சரித்துத்தான் எனக்கே தெரிந்தது. எடுக்க வேண்டிய கோப்புகளை அப்படியே விட்டுவிட்டு, கிடைத்த விலைக்கு டிக்கெட் எடுத்து, கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது திரும்பினேன். கிளம்புவதற்கு முன்பே வெளிநாட்டினர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, கூடுதல் காலம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று அப்புறம்தான் சொன்னார்கள். நீங்கள் அந்தத் தாளைக் கையில் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். நேர்காணல் தருபவர்களிடம் ஒப்புதல் எப்படி வாங்குவது, ஒலிப்பதிவை எங்கே வைப்பது என்பதையும் தரவுப் பாதுகாப்பு விதிப்படி முன்னாலேயே பேராசிரியரிடம் பேசி முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, ஆய்வேடு எந்தத் துறையிலும் வெளியாக வேண்டும், அதற்கு முன் பொதுவாகப் பெயருக்கு முன்னால் டாக்டர் போட முடியாது. அறிவியல் ஆட்கள் பலர் வெளிவந்த கட்டுரைகளையே சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் முழுப் புத்தகம், அதற்கு அச்சுச் செலவு வேறு.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொங்கல் விழாவுக்குப் போனால் "என்ன ஆராய்ச்சி" என்று கேட்பார்கள், வரலாறு என்றதும் "அதுக்கு எதுக்கு ஜெர்மனி வரை" என்பார்கள். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு வலிக்கும். இங்கே விசன்ஷாஃப்ட் என்ற ஒரே சொல்லுக்குள் இயற்பியலும் வரும், சமூகவியலும் வரும், இலக்கியமும் வரும். மாக்ஸ் பிளாங்க் ஆய்வு அமைப்பு என்றாலே நம்மவர்களுக்கு இயற்பியல்தான். அதே அமைப்பு ஹாலேயில் சமூக மானுடவியலுக்கும், பெர்லினில் அறிவியல் வரலாற்றுக்கும், இத்தாலியில் ஃபுளோரன்ஸில் கலை வரலாற்றுக்கும் நிறுவனம் நடத்துகிறது. ஒரே கம்பெனிக்காரர்களோடும் ஒரே லேப்காரர்களோடும் மட்டும் பழகினால் இதெல்லாம் கண்ணில் படாது.

எனக்குப் பட்டது ஒரு சமையலறையில். என்னோடு வீட்டைப் பகிர்ந்த ஜெர்மன் பையன் மீன் வகைப்பாட்டில் ஆய்வு செய்துகொண்டிருந்தான். ஒரு ராத்திரி நான் ஹீட்டர் பக்கத்தில் தோசை மாவை வைத்துக்கொண்டிருந்தபோது வந்து, ஜோனியஸ் கருட்டா என்று ஒரு மீனின் பெயரைச் சொல்லி, கருட்டா என்ற சொல் இலத்தீன் அகராதியில் இல்லை, உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டான். மீன் எங்கிருந்து வந்தது என்றேன். தரங்கம்பாடி என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கருத்த கத்தாளை மீன்! நான் மாயவரத்துப் பெண், கத்தாளைக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவள். 1771இல் தரங்கம்பாடி வந்த மிஷனரி ஜான், உள்ளூர் பெயரோடு மீன்களைப் பெர்லினில் இருந்த மருத்துவர் புளோக்குக்கு அனுப்பினார். புளோக் 1793இல் பெயரின் முதல் பாதியான பேரினத்துக்கு ஜோனியஸ் என்று ஜானின் பெயரையும், இந்த மீனுக்கு நம்முடைய 'கருத்த'வையும் வைத்துவிட்டார். புளோக்கின் மீன் சேகரிப்பு இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அன்றைக்கு மேசையில் உட்கார்ந்தவர்கள் விடிகாலைதான் எழுந்தோம். அவனிடம் மீன் இருந்தது, கடிதம் வாசிக்கத் தெரியாது. நான் வாசிப்பேன், மீனின் செதிலை எண்ணத் தெரியாது. பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு ஜானின் எழுத்தை வாசித்துக் காட்டினேன். அவன் கட்டுரையில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறான், என் புத்தகத்தில் மீன்களுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. இன்று நான் இருக்கும் நூலகத்தில் நிரந்தர வேலை கிடைத்த நேர்காணலிலும் அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள்.

சரி, ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எத்தனை விழுக்காடு, சம்பளமா உதவித்தொகையா என்று எழுதுங்கள். களப்பணி எத்தனை மாதம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.