மச்சம் எங்கே இருக்கிறது?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது 66. மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் கருவியை மூன்று வருடங்களாகத் திட்டிக்கொண்டிருந்தேன். டிவி முன்னால் கையை வீசுவது ஒரு விளையாட்டா என்று கேட்பேன். இப்போது பேரன் பள்ளிக்குப் போனதும் நானே அதில் பௌலிங் ஆடுகிறேன், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். திரையில் எனக்காக ஆட அவன் முன்பே என் சாயலில் ஓர் உருவம் செய்து வைத்திருந்தான், கன்னத்து மச்சம் உட்பட. அது வசதியாகப் போயிற்று. இந்த வயதில் இது கௌரவக் குறைவா? மருமகளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள்?

பதில்: ஐயா, கௌரவத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 2006-இல் வந்த இந்தக் கருவி பத்துக் கோடிக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களிலேயே இந்தப் பௌலிங்குக்குப் போட்டி வைத்தார்கள். மருமகள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. "வசதியாகப் போயிற்று" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

அந்த உருவத்தை எப்படிச் செய்வார்கள், தெரியுமா? முகவெட்டு, முடி, புருவம், மூக்கு, மீசை, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மச்சத்தைக் கடைசியில்கூட மறந்துவிடலாம். வைக்காவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. உங்கள் பேரன் வைத்திருக்கிறான். அம்புக்குறியை அழுத்தி அழுத்தி மேலும் கீழும் நகர்த்தி, உங்கள் கன்னத்தில் இருக்கும் இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான். நீங்கள் அந்தக் கருவியைத் திட்டிக்கொண்டிருந்த நாட்களில் அவன் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் முகத்தில் மச்சம் எங்கே இருக்கிறது? யோசிக்காமல் சொல்ல முடியுமா உங்களால்?

இன்னொன்றும் சொல்கிறேன். அதே விளையாட்டுத் தொகுப்பில் பேஸ்பால் இருக்கிறது. கருவியில் சேமித்து வைத்த உருவங்கள்தான் அதில் அணியாக நிற்கும். அவன் அதை ஆடியிருந்தால், நீங்கள் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாலைகளில் உங்கள் உருவம் அவன் பக்கம் நின்று ஆடியிருக்கும்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தெரியாமல் பகலில் தனியாக ஆடுகிறீர்கள். இது திருட்டுத்தனம் ஐயா. ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒளிவுமறைவு கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். தாத்தா என்பவர் பேரனிடம் தோற்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நம்புகிறவள் நான். நீங்கள் ஜெயிக்கப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். முழங்கால் வலி என்ற சாக்கும் வேண்டாம். அந்தக் கருவி அளப்பது கையிலிருக்கும் ரிமோட்டின் அசைவை. நாற்காலியில் உட்கார்ந்தும் வீசலாம்.

இன்று மாலை அவன் பையை இறக்கி வைத்ததும், இத்தனை நாள் ஆடியதை நீங்களே சொல்லிவிடுங்கள். மூன்று வருடம் திட்டியது தப்பு என்றும் சொல்லுங்கள். பெரியவர் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்பதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. பிறகு இரண்டு ரிமோட்டுகளையும் எடுங்கள். மணிக்கட்டுக் கயிற்றை நீங்கள் மாட்டுவதில்லை என்றே நினைக்கிறேன். கை வழுக்கி ரிமோட் பறந்து டிவி உடைந்த வீடுகள் உண்டு. கருவி வந்த மாதத்துக்கு அடுத்த மாதமே நிறுவனம் கயிற்றைத் தடிமனாக்கி மாற்றிக் கொடுத்தது. கையை நீட்டி, கயிற்றை மாட்டிவிடச் சொல்லி அவனிடம் கேளுங்கள். அவன் குனிந்து மாட்டும்போது முகத்தை நன்றாகப் பாருங்கள்.