எதுவும் கட்டாமல் விடுவதற்காக நகரத்தில் நிலம் வாங்குவது வீண் செலவா?

இல்லை. மழைக்கணக்கையே பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்தால் 5 லட்சம் லிட்டர். வேரோடிய மண் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். கான்கிரீட் போட்டால் ஏறக்குறைய அத்தனையும் தாழ்வான தெருக்களுக்குத்தான் ஓடும். நிழலும் காலாற நடக்க இடமும் கிடைப்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

உயிரினங்களுக்குப் பரப்பளவு மட்டும் போதாது, வடிவமும் முக்கியம். 50 மீட்டர் அகலப் பட்டையில் நட்டநடுவே கூடு கட்டும் பறவைக்கும் விளிம்பு 25 மீட்டர் தூரம்தான். நாய், பூனை, வெளிச்சம், இரைச்சல் எல்லாம் எட்டிவிடும். அதனால் துண்டு நிலங்களைவிட, ஏற்கெனவே உள்ள ஓடையையோ காட்டையோ ஒட்டிய நிலத்தை வாங்குவதே மேல். நடைபாதையையும் நடுவே வெட்டாமல் ஓரமாகக் கொண்டுபோங்கள்.

பாதை குறுக்குவாட்டில், நிலம் தாழும் பக்கமாக 2 முதல் 5 சதவீதம் (ஒரு மீட்டர் அகலத்துக்கு 2 முதல் 5 செ.மீ.) சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பாதையோடே ஓடி அரிக்கும். சேற்றைத் தவிர்க்க ஆட்கள் ஓரத்தில் ஒதுங்கி நடப்பார்கள், இளஞ்செடிகள் மிதிபட்டுப் பாதை அகன்றுகொண்டே போகும்.

பலரும் சறுக்குவது பராமரிப்பில். வாங்கும் பணத்தோடு ஆண்டுதோறும் களையெடுக்கும் செலவையும் ஒதுக்குங்கள். விட்டால் அயல் களைச்செடிகள் மண்டிவிடும். பின்னாளில் கட்டடத்துக்கு விற்க முடியாதபடி பத்திரத்திலேயே நிபந்தனை எழுதிவிடுங்கள்.