கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அடிமை முறைக்கு பைபிளில் ஆதாரம் காட்டிய அமெரிக்கப் போதகர்களைப் பற்றியே படிக்கிறோம். எதிர்த்து நின்ற ஒருவரையாவது சொல்லுங்களேன்.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: நிறையப் பேர் உண்டு. எனக்குப் பிடித்தவர் ஜான் ரான்கின். 1793-இல் டென்னசியில் பிறந்த பிரஸ்பிட்டேரியன் போதகர். பிரசங்கத்தில் அடிமை முறையைத் தொட்டுவிட்டார். 'இதைத்தான் பேசுவீர் என்றால் மாநிலத்தை விட்டே கிளம்பும்' என்றார்கள் சபை மூப்பர்கள். கிளம்பிவிட்டார். சில காலம் கென்டக்கியில் ஊழியம்; பிறகு ஒஹாயோ ஆற்றைத் தாண்டி ரிப்ளி என்ற சிற்றூர். அக்கரையில் அடிமை முறை சட்டம், இக்கரையில் இல்லை.

சோதனை சொந்த வீட்டிலிருந்தே வந்தது. வர்ஜீனியாவில் வியாபாரம் செய்துவந்த உடன்பிறப்பு தாமஸ், அடிமைகளை வாங்கிவிட்டார்! நாமாக இருந்தால் குடும்ப விஷயம் என்று மூடி மறைத்திருப்போம். இவரோ தாமஸுக்கு எழுதிய கடிதங்களை உள்ளூர்ப் பத்திரிகையிலேயே வெளியிட்டார். 1826-இல் அவை புத்தகமாயின. தாமஸ் மனம் மாறி, வாங்கியவர்களை விடுவித்தார். வாரந்தோறும் கடிதங்களுக்குப் பதில் எழுதியும் ஒருவர் மனசையும் மாற்றாத எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பின்னாளில் ஊருக்கு மேலே குன்றில் வீடு கட்டினார். ஜன்னல் விளக்கு அக்கரைக்கும் தெரியும். தப்பி வருகிறவர்களுக்குச் சோறு போட்டு, இரவோடு இரவாக வடக்கே அடுத்த அடைக்கல வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது பிள்ளைகள் வேலை. மொத்தம் 13 பிள்ளைகள், ஆளுக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலில் தப்பியோடும் அடிமைப்பெண் எலைசா கைக்குழந்தையோடு பனிப்பாளங்கள் மேல் ஆற்றைக் கடக்கிறாளே, நடக்கிற காரியமா?
(வாசகி, திருச்சி)

பதில்: நடந்திருக்கிறது, அதே ரிப்ளியில், 1838-இல். பனி உடையத் தொடங்கியிருந்த ஆற்றைக் குழந்தையோடு தாண்டிய ஒரு தாய் ரான்கின் வீட்டில்தான் தஞ்சம் புகுந்தாள். கரையில் காத்திருந்த அடிமை பிடிக்கிற ஆளே மனமிளகி விட்டுவிட்டான் என்பது ரான்கின் குடும்பத்தார் சொன்னது. அவர்கள் வழியாகத்தான் கதை அந்த நாவலை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவுக்குப் போனது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை. பேரெல்லாம் குன்று வீட்டுக்கே போகிறது. அதே ஊரில் ஃபவுண்டரி (உலோக வார்ப்பாலை) நடத்திய கறுப்பர் ஜான் பார்க்கரை எத்தனை பேருக்குத் தெரியும்? 1845-இல் 1,800 டாலர் கொடுத்துத் அடிமைத்தனத்திலிருந்து தன்னைத்தானே மீட்டுக்கொண்டவர். ராத்திரியில் படகெடுத்து அக்கரைக்கே போய் ஆட்களைக் கூட்டிவருவார். ஒருமுறை, தாய் தகப்பன் ஓடிவிடாதிருக்க எஜமான் அவர்கள் குழந்தையைத் தன் கட்டிலருகே கிடத்தியிருந்தான், பக்கத்தில் துப்பாக்கி வேறு. பார்க்கர் அந்த அறைக்குள் தவழ்ந்துபோய்க் குழந்தையைத் தூக்கிவந்தார். அடுத்த வாரம் யாராவது அவரைப் பற்றிக் கேளுங்களேன்.