முதலில் ஐந்தொகையை வையுங்கள்

கேள்வி: எங்கள் நகர்மன்றம் இந்த ஆண்டு முதல் ‘மக்களுக்கு ஆண்டு உரை’ என்று ஒரு கூட்டம் நடத்தத் திட்டமிட்டிருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு திருமண மண்டபம், காலை 11 மணி. முதலில் சாதனைக் குறும்படம், பிறகு தலைவர் ஒரு மணி நேரம் பேசுவாராம். மக்கள் கேள்வி கேட்கலாமா என்றால், ‘அதை அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்கிறார்கள். அமெரிக்க மேயர்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்று விளக்கமும் தருகிறார்கள். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய எங்கள் தெரு ஒன்பது மாதமாகப் பள்ளமாகவே கிடக்கிறது. இந்தக் கூட்டத்தை நான் வரவேற்க வேண்டுமா?
– செட்டிநாட்டு நகரம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி

பதில்: கூட்டத்தை வரவேற்கிறேன். வாக்குக் கேட்டு வாசல் வாசலாக வந்தவர்கள், அடுத்த தேர்தலுக்கு முன்பே ஊரைக் கூட்டி முன்னால் நிற்பது நல்ல காரியம். நீங்கள் எழுதியிருக்கும் நிகழ்ச்சி நிரலை வரவேற்க மாட்டேன். கேள்விக்கு இடமில்லாத கூட்டம் ஊர்ப் பணத்தில் நடக்கும் பாராட்டு விழா.

அமெரிக்காவைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அங்கே உள்ளதை முழுதாகச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது நகரத்தின் நிதி, நிர்வாகம், நடப்பு ஆகியவை பற்றி மன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்று நியூயார்க் நகரச் சாசனம் மேயருக்குக் கடமை விதிக்கிறது. அதில் நிதிதான் முதலில் நிற்கிறது. அந்த நாட்டின் குடியரசுத் தலைவர் ஜெபர்சன் 1801-இல் நாடாளுமன்றத்துக்கான தம் ஆண்டுச் செய்தியை மேடையில் படிக்காமல் எழுதியே அனுப்பினார். 1913-இல் வில்சன் நேரில் வந்து பேசும்வரை அதுவே வழக்கமாக இருந்தது. நூறாண்டுக்கு மேல் பேச்சில்லாமல் ஓடியிருக்கிறது. அறிக்கை இல்லாமல் ஓடவில்லை.

கணக்கு ஒப்புவிப்பதைச் செட்டிநாட்டுக்கு வெளியூரார் கற்றுத்தர வேண்டுமா? இங்குள்ள நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன காலத்தில், கடையை நடத்தப் போன மேலாளுக்குப் பொதுவாக மூன்றாண்டுத் தவணை. குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை (சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் கணக்கு) என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். தவணை முடிந்து கப்பலேறி வந்தவர் முதலாளிக்கு முன்னால் வரவும் பற்றும் விளங்க உட்கார வேண்டும். எவ்வளவு அழகாகப் பேசினாலும் ஏட்டில் விழுந்த துண்டு மறையாது. அந்தக் கணக்கு முதலாளிக்கு மட்டுமே ஒப்புவிக்கப்பட்டது. கடனில் நிலத்தை இழந்த பர்மிய உழவருக்கு யாரும் ஒப்புவிக்கவில்லை. அந்தக் குறையையும் மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன். இன்று உங்கள் ஊரில் முதலாளி யார்? சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் கட்டுகிற நீங்கள். வாடகை வீட்டில் இருப்பவரும், ஆத்தங்குடிக் கல் பதிக்கும் தொழிலாளியும், விடியற்காலையில் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரும் அதே அளவுக்கு முதலாளிகள்தான். நகரத்தார் கோயிலில் மணமான தம்பதியை ஒரு புள்ளியாக எண்ணிப் புள்ளி வரி வாங்குகிறோம். நகராட்சியில் ஒவ்வொரு தலையும் ஒரு புள்ளி.

ஆகவே, உரைக்கு இரண்டு வாரம் முன்பே நகராட்சியின் ஐந்தொகை ஊர்ச் சுவரில் ஏற வேண்டும். எளிய தமிழில், வார்டு வாரியாக. எவ்வளவு வரி வந்தது, எவ்வளவு நிலுவை, எந்த வேலைக்குத் தீர்மானம் போட்டார்கள், ஒப்பந்தக்காரர் யார், எந்தத் தேதிக்குள் முடிப்பதாகக் கையெழுத்திட்டார், ஏன் முடியவில்லை. குறிப்பாக அந்தக் கடைசிக் கேள்வி. முடிந்த வேலையை நாங்களே தெருவில் பார்த்துக்கொள்வோம். முடியாத வேலைக்குத்தான் தலைவரின் வாய்மொழி தேவை. இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. வரவு செலவுத் திட்டம் உள்ளிட்ட விவரங்களை யாரும் மனுப்போடாமலே வெளியிட வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. கிராமத்தாருக்குக் கிராம சபை இருக்கிறது. நகரங்களில் வாழ்பவர்களுக்கு நெடுங்காலம் ஒன்றுமில்லை. 2022-இல்தான் வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் தமிழக அரசு விதிகள் வகுத்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் பகுதி சபைகள் கூடின. உங்கள் பகுதியில் அது கடைசியாக எப்போது கூடியது? பெரிய மண்டபத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் பேசிவிட்டோம் என்று சொல்லித் தெருவில் கூட வேண்டிய சபையைக் கைவிட்டால், ஊர் பெற்றதைவிட இழந்தது அதிகமாகிவிடும்.

நேரத்தையும் மாற்றச் சொல்லுங்கள். காலை 11 மணி என்றால் தினக்கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வர முடியும். மாலை ஆறரைக்கு வையுங்கள். ஊருக்குள்ளே, நடந்து வரக்கூடிய பள்ளி மைதானத்தில் வையுங்கள். மாதம் தை ஆகட்டும். பூட்டிக்கிடக்கும் வளவு வீடுகளின் சொந்தக்காரர்களில் பலர் பொங்கலுக்கும் பழனிப் பாதயாத்திரைக்கும் ஊர் திரும்புவது அப்போதுதான். அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட் முடிவாகும் முன் மக்கள் சொன்னது அதில் ஏறவும் அப்போதுதான் வழி இருக்கும். குறும்படத்தை எடுத்துவிட்டு அந்த நேரத்தைக் கேள்விக்குக் கொடுக்கட்டும்.

இவ்வளவும் நடக்காவிட்டாலும் நீங்கள் போங்கள், அம்மா. தனியாகப் போகாதீர்கள், தெருவில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் தெருப் பணிக்கான தீர்மானத்தின் நகலை முன்பே கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்ததும் எழுந்து, ஒன்பது மாதப் பள்ளம் எந்தத் தேதியில் மூடப்படும் என்று மட்டும் கேளுங்கள். சொல்லப்படும் தேதியை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறோம். அந்தத் தேதி கடந்த மறுநாள் உங்கள் தெருவைப் பார்க்க நானே வருகிறேன்.