ஒரே அளவு காஃபின் ஒருவருக்கு உற்சாகத்தையும் இன்னொருவருக்குப் பதற்றத்தையும் தருவது ஏன்?

இதில் இரண்டு மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. இரண்டின் வேலையும் வேறு. பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

சிஒய்பி1ஏ2 கல்லீரலில் காஃபினைச் சிதைக்கும் நொதிக்கானது. காஃபினின் அரை ஆயுள், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சராசரியாக 5 மணி நேரம். நொதி மெதுவானால் அது நீளும், இரவுத் தூக்கம் கெடும், மறுநாள் எரிச்சல் கூடும். மரபணு மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை: புகைப்பழக்கம் நொதியை வேகப்படுத்தும், கருத்தடை மாத்திரை மந்தப்படுத்தும்.

மனநிலையோடு நேரடித் தொடர்புள்ளது ஏடிஓஆர்ஏ2ஏ. அடினோசின் என்பது தூக்க உணர்வைத் தூண்டும் வேதிப்பொருள்; மூளையில் அதை ஏற்கும் புரதங்களான, காஃபின் அடைக்கும் அடினோசின் ஏற்பிகளில் ஒன்றை உருவாக்குவது இந்த மரபணுதான். இந்த மரபணுவின் டிஎன்ஏ வரிசையில் 1976ஆம் இடத்தில் இரு பிரதிகளிலும் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று) ‘டி’ எழுத்து உள்ளவர்கள், காஃபின் அதிகம் பழகாதவர்களாக இருந்தால், 150 மில்லிகிராமுக்கே கூடுதல் பதற்றம் அடைவது சோதனையில் தெரிந்தது. தினமும் குடிப்பவர்களுக்கு உடல் பழகிவிடுவதால் இந்த வேறுபாடு பெருமளவு மங்கிவிடும்.

மூளையைத் தூண்டும் இன்னொரு பொருளான ஆம்ஃபெட்டமின் மருந்தில் கதை வேறு. முன்மூளையில் டோபமைன் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதிக்கான சிஓஎம்டி மரபணுவின் மெதுவான வடிவம் உள்ளவர்களிடம் டோபமைன் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும். மருந்து அதை மேலும் ஏற்றினால், கடினமான நினைவுப் பணிகளில் திறன் குறையக்கூடும். மரபணுச் சோதனை முடிவை மட்டும் பார்த்து, மருத்துவர் எழுதித்தந்த அளவைத் தயவுசெய்து நீங்களே மாற்றாதீர்கள்.