கேள்வி – பதில்: கைப்பிடி சுற்றிய வேகம்

இந்த மாதம், ஊமைப்படக் காலத்து ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களின் முன்னோடி மேக் சென்னெட்டைப் பற்றி வட ஆற்காட்டு வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில்கள்.

சாப்ளினை சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் மேக் சென்னெட் என்கிறார்கள். அவர் இயக்குநரா, முதலாளியா?
– வாசகர், சத்துவாச்சாரி

இரண்டும்தான். எந்த வருடத்துச் சென்னெட் என்பதைப் பொறுத்தது. கனடாவின் கியூபெக்கில் 1880-ல் பிறந்தபோது அவர் பெயர் மைக்கேல் சின்னாட். 1908-ல் நியூயார்க்கின் பயோகிராஃப் கம்பெனியில் நடிகராகச் சேர்ந்தார். அங்கே இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித் படமெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். ஆபத்தில் இருக்கும் பெண்ணையும் காப்பாற்ற ஓடிவருகிறவனையும் மாற்றி மாற்றிக் காட்டி நெஞ்சைப் பதறவைப்பது கிரிஃபித்தின் வித்தை. அதே ஓட்டத்தை எடுத்து, ஓடுகிறவர்களைத் தடுக்கி விழவைத்தார் சென்னெட். பதற்றம் சிரிப்பானது.

1912-ல் கெஸல், பௌமன் என்ற இருவரின் முதலீட்டில் கீஸ்டோன் கம்பெனி பிறந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் ஈடன்டேல் பகுதியில் ஸ்டூடியோ. அந்த ஆண்டு செப்டம்பர் 23-ல் முதல் வெளியீடு. தொடக்கத்தில் பெரும்பாலான படங்களை அவரே இயக்கினார். வாரத்துக்கு இத்தனை படம் என்று கொடுக்கவேண்டி வந்ததும் ஹென்றி லேர்மன், ஃபோர்ட் ஸ்டெர்லிங், மேபல் நார்மண்ட் என்று வேலையைப் பிரித்துக்கொடுத்து, மேற்பார்வைக்கு நகர்ந்தார். மேபலை வெறும் கதாநாயகி என்றே எழுதிவிட்டுப் போகிறார்கள். 1914-லேயே அவர் இயக்குநர். அது மறக்கக்கூடாத செய்தி. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஆறு ரீல் நகைச்சுவைப் படமான ‘டில்லீஸ் பங்சர்ட் ரொமான்ஸ்’ சென்னெட்டே இயக்கியது.

சாப்ளினுக்குக் கீஸ்டோன் கொடுத்தது வாரம் 150 டாலர். ஒப்பந்தம் முடியும்போது அவர் 1,000 கேட்டார்; சென்னெட் தரவில்லை. எஸ்ஸனே கம்பெனி 1,250 கொடுத்து அழைத்துக்கொண்டது. திறமைசாலியைக் கண்டுபிடிக்கும் கண் சென்னெட்டுக்கு இருந்தது. பிடித்துவைக்கும் கை இல்லை.

பழைய ஊமைப்படங்களில் எல்லோரும் ஏன் விறுவிறுவென்று நடக்கிறார்கள்? அந்தக் காலக் கேமராவின் குறையா?
– வாசகர், காட்பாடி

குறை இல்லை. அதில் பாதி வேண்டுமென்றே செய்தது, பாதி பிற்காலத்தில் நாம் செய்த தவறு.

அன்றைய கேமராவுக்கு மோட்டார் கிடையாது. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் 8 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும். நொடிக்கு இரண்டு சுற்று என்றால் 16 ஃபிரேம். துரத்தல் காட்சி வந்தால் கேமராமேன் ஒன்றரைச் சுற்றாகக் குறைப்பார். நொடிக்கு 12 ஃபிரேம்தான் பதியும். 4 நொடி ஓட்டம் 48 ஃபிரேமில் அடங்கிவிடும். அதை 16 ஃபிரேம் வேகத்தில் திரையிட்டால் 3 நொடியில் முடியும். போதாததற்கு, எடிட்டிங் மேஜையில் மூன்றிலோ நான்கிலோ ஒரு ஃபிரேமை வெட்டி எறிவதும் உண்டு. கார் ரயிலை மயிரிழையில் தாண்டும் காட்சிகளுக்கு வேறு தந்திரம்: காரையும் ரயிலையும் பின்னோக்கி ஓட்டி, கைப்பிடியையும் எதிர்ப்பக்கம் சுற்றிப் பதிவுசெய்வார்கள்.

இதெல்லாம் அவர்கள் திட்டமிட்டது. பேசும்படம் வந்தபின் புரொஜெக்டர் நொடிக்கு 24 ஃபிரேம் என்று நிலைத்தது. 16-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் எல்லாமே ஒன்றரை மடங்கு வேகம். ஆயிரம் அடி ரீலில் 16,000 ஃபிரேம். 16 நிமிடம் 40 நொடி ஓடவேண்டியது 11 நிமிடம் சொச்சத்தில் தீர்ந்துபோகும். துரத்தலில் மட்டும் இருக்கவேண்டிய துள்ளல், காபி குடிக்கிறவர் மேலும் ஏறிவிடும். சோதிக்க வழி அதுதான்: நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். அவர் எழுந்து உட்காருவது இயல்பாக இருந்தால் பிரதி சரி. வெடுக்கென்று எழுந்தால், கணினியில் வேகத்தை 0.67 அல்லது 0.75-க்குக் குறைத்துப் பாருங்கள்.

முகத்தில் அடிக்கும் பை (pie என்ற க்ரீம் பலகாரம்) எதனால் செய்தது?
– வாசகர், குடியாத்தம்

க்ரீமும் கருநிறப் பழக்கூழும். அன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகவே விழும், நீலவானம் வெள்ளையாகும். மாவு பூசிய வெளிறிய முகத்தில் வெள்ளை க்ரீம் மட்டும் அடித்தால் தெரியாது. அதனால்தான் கருநிறம். நீங்கள் செய்வதானால் நாவல்பழக் கூழ் எடுபடும். கலவை தோசைமாவைவிடக் கெட்டியாக இருக்கட்டும். நீர்த்தால் காற்றிலேயே சிதறும், முகத்தில் நிற்காது.

பாலாற்றில் மொபைலில் ஒரு துரத்தல் குறும்படம் எடுக்கிறோம். கீஸ்டோன் மாதிரி வர என்ன செய்யவேண்டும்?
– கல்லூரி மாணவர்கள், ஆரணி

நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்து, எடிட்டிங்கில் 150 சதவீத வேகம் கொடுங்கள். மூன்றில் ஒரு ஃபிரேம் போய்விடும். 16 ஃபிரேமில் கைப்பிடி சுற்றி எடுத்ததை 24-ல் ஓட்டியதற்குச் சமம். ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம்) 1/30 நொடியில் பூட்டுங்கள். எல்லோரும் தவறுவது இங்கேதான். ஆட்டோவில் விட்டால் வேலூர் வெயிலுக்கு ஷட்டர் 1/2000-க்குப் போய், ஒவ்வொரு ஃபிரேமும் கத்தியாய்க் கூர்மையாகி, ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியும். 1/30 வைத்தால் நண்பகலில் படம் வெளுத்துவிடும், லென்ஸுக்கு முன் வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்.டி. 128 ஃபில்டர் வேண்டும். இல்லையென்றால் காலை ஏழு மணிக்குள் முடியுங்கள். அப்போதும் ஒரு சின்ன என்.டி. தேவைப்படும்.

நெருக்கக் காட்சிகளுக்கு மேலே வெள்ளை மல் துணி கட்டுங்கள். கூரையில்லாத மேடைக்கு மேல் மஸ்லின் விரித்துத்தான் கலிஃபோர்னியா வெயிலை அன்று அடக்கினார்கள். துணி துளியும் ஆடக்கூடாது. ஆடினால் நடிகரின் முகத்தில் நிழல் அலையும்.

நடிகர்களை வேகமாக ஓடச் சொல்லாதீர்கள். இயல்பாக ஓடி, ஒவ்வொரு அசைவையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். திகைத்து நிற்கும் முகத்துக்கு வேகம் கூட்டவே வேண்டாம். பின்னணியில் புகை, ஆடும் மரக்கிளை, ஆடு மேய்ப்பவர் யாரும் இல்லாமல் பாருங்கள். வேகம் கூட்டியதை முதலில் காட்டிக்கொடுப்பது அவைதான். ஆற்று மணலில் கால் புதையும், ஓட்டம் சோரும். விழும் காட்சிக்கு மணல், ஓடும் காட்சிக்குக் கரையோரக் கெட்டித்தரை.

சாலையில் சோப்புநீர் ஊற்றிக் காரைச் சறுக்கவிட்ட கதையைக் கேட்டிருப்பீர்கள். அதைச் செய்யவே வேண்டாம், காலி ரோட்டிலும்கூட.

இவ்வளவு பெரிய ஆள் ஏன் விழுந்தார்?
– வாசகர், வாணியம்பாடி

1917-ல் கீஸ்டோனை விட்டு வெளியேறினார். அந்தப் பெயர் அவருடன் வரவில்லை. சொந்தக் கம்பெனியில் இருபதுகளில் நகைச்சுவை நடிகர் ஹாரி லாங்டனை வளர்த்தார், அவரும் போனார். இதற்குள் போட்டித் தயாரிப்பாளரான ஹால் ரோச் வேகத்தைக் குறைத்து, லாரல்–ஹார்டி போன்ற பாத்திரங்களின் குணத்தில் சிரிப்பைத் தேடினார். ரசிகர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

எங்கள் கணிப்பில் ஒலி கொடுத்த அடிதான் பெரியது. ஒலித்தடம் ஏறியபின் 24 ஃபிரேமை மாற்றமுடியாது. வேகம் கூட்டினால் குரல் கீச்சிடும், ஃபிரேமை வெட்டினால் வசனம் அறுபடும். கைப்பிடியில் இருந்த மந்திரம் போய்விட்டது. ஆனாலும் அவர் ஒலியைக் கண்டு ஒதுங்கவில்லை. 1932, 33-ல் நகைச்சுவை நடிகர் டபிள்யூ.சி. ஃபீல்ட்ஸை வைத்துத் தந்த நான்கு குறும்படங்கள் இன்றும் பார்க்கத் தகுந்தவை. பொருளாதார மந்தம் அழுத்த, 1933-ல் திவாலானார். 1938-ல் சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது. 1960 நவம்பர் 5-ல் காலமானார்.

பார்க்கத் தொடங்குபவர்கள் 1914-ன் ‘கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்’ படத்தில் ஆரம்பிக்கலாம். பத்து நிமிடம்கூட ஆகாது. நிஜமாக நடந்த பந்தயக் கூட்டத்துக்குள் சாப்ளினை விட்டு எடுத்தது. அவரை வேடிக்கை பார்க்கும் ஜனங்கள் நடிகர்கள் அல்ல, அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. அந்த முகங்களைக் கவனியுங்கள்.