ஆங்கிலத்தில் ரன், செற் போன்ற சின்னச் சொற்களுக்கு ஏன் இத்தனை கருத்துகள்? எல்லாவற்றையும் எப்படிப் பாடமாக்குவது?

பாடமாக்கவே வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அப்படிச் செய்வதில்லை. அது மனிதரால் முடிகிற காரியமும் இல்லை. 1989இல் வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செற்’ என்ற சொல்லுக்கு 430 அளவில் கருத்துகள் இருந்தன. பிறகு நடந்த திருத்தத்தில் ‘ரன்’ முந்திக்கொண்டது: வினைச்சொல்லாக மட்டும் 645. பீற்றர் கிலிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் இருந்தார்.

யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அவர்களின் கொப்பியைத் திறந்தால் நடுவில் ஒரு கோடு இருக்கும். இடப்பக்கம் ‘ரன்’, வலப்பக்கம் ‘ஓடு’. அதோடு அந்தச் சொல் முடிந்தது. பிறகு வாசிப்புப் பகுதியில் ‘ஷீ ரன்ஸ் எ ஷொப்’ என்று வரும். ஒரு பெண் கடைக்குள் ஓடுகிறாள் என்று எழுதுவார்கள். அவள் கடை நடத்துகிறாள். ‘வீ ஹாவ் ரன் அவுட் ஒஃப் ரைஸ்’ என்றால் வீட்டில் அரிசி முடிந்துவிட்டது. ஆனால் கிரிக்கெட் பார்க்கிற பெடியனுக்கு ‘ரன் அவுட்’ என்றதும் விக்கெட்தான் கண்ணில் தெரியும். பிள்ளை கெட்டித்தனம் இல்லாததால் வருகிற பிழை இல்லை இது. ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து என்று நாங்கள் பழக்கிவிட்டதால் வருவது.

எங்கள் ‘பிடி’யை எடுத்துப் பாருங்கள். பருத்தித்துறை பஸ்ஸைப் பிடிக்கிறோம். குருநகரில் மீன் பிடிக்கிறார்கள். மழைக்குக் குடை பிடிக்கிறோம், பிறகும் தடிமன் பிடிக்கிறது. பிள்ளை அடம் பிடிக்கிறது, சம்பளத்தில் காசு பிடிக்கிறார்கள், ஒருவரை ஒருவருக்குப் பிடிக்கிறது. இதை யாரும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. பக்கத்தில் நிற்கிற சொல்லே கருத்தைக் காட்டிவிடுகிறது. ‘ரன்’னும் அப்படித்தான்.

ஏன் சின்னச் சொற்களுக்கே இது நடக்கிறது என்றால், அவை மிகப் பழையவை, எல்லார் வாயிலும் புழங்குபவை. மணிக்கூடு வந்தது, ரயில் வந்தது, கணினி வந்தது. ஒவ்வொன்றும் இயங்குவதைச் சொல்ல, கையில் இருந்த ‘ரன்’னையே எடுத்தார்கள். ‘அவுட்’, ‘இன்ரு’, ‘ஓவர்’ போன்றவை பின்னால் சேரும்போது இன்னும் பெருகும். எல்லாமே ஒரு வேரில் இருந்து வந்தவை என்றும் இல்லை. சூரியன் மறைவதைச் சொல்லும் ‘செற்’ பழைய ஆங்கிலச் சொல். தொகுதி என்ற கருத்தில் வரும் ‘செற்’ பிரெஞ்சு வழியாக வந்தது. உச்சரிப்பில் ஒன்றாகிவிட்டன.

எங்கள் முன்னோர் இதை மனனம் செய்தே படித்தார்கள். சூடாமணி நிகண்டு என்ற பழைய செய்யுள் அகராதியின் பதினோராவது தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள்தான். ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அந்த நிகண்டை உரையோடு அச்சிட்டார். அந்தப் படிப்பில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பெயர்ச்சொற்களுக்கானது, எதுகையோடு செய்யுளில் இருந்தது. ஆங்கில வினைச்சொற்களுக்கு அந்த வழி சரிவராது.

ஆகவே கொப்பியில் அந்த நடுக்கோட்டை விடுங்கள். ‘ரன்’னுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, வாசிப்பில் அந்தச் சொல் வருகிறபோதெல்லாம் வசனத்தை அப்படியே எழுதுங்கள். கீழே தமிழில் ஒரு வசனம், சொல் அல்ல. ‘ஹிஸ் நோஸ் இஸ் ரனிங்’ என்பதன் கீழே ‘அவனுக்கு மூக்கு ஒழுகுது’ என்று எழுதினால் போதும். தேடிப்போய்ப் பக்கத்தை நிரப்ப வேண்டாம், வருவது வரட்டும். ‘கெற்’, ‘புட்’, ‘ரேக்’, ‘செற்’ ஆகியவற்றுக்கும் இப்படியே ஒவ்வொரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் தெரியாத கருத்தில் ‘ரன்’ வந்தால், எது ரன் பண்ணுகிறது, அதற்கு அடுத்து என்ன சொல் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அநேகமாக அந்த இரண்டிலேயே விடை இருக்கும்.